ஐந்தாவது நகர்வு

நுவரெலியாவில் நடந்த ஒரு செஸ் போட்டியில் என் தோழியை ஆறே நகர்வுகளில் தோற்கடித்தேன். அதற்குப் பிறகு நான் எந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை. அவள் அதன்பின் ஆடவே இல்லை. இதைப் பற்றி இரண்டு பேரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். இருவருமே, "விளையாட்டுன்னா அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அப்படித்தான் என்றால் எனக்கு ஏன் இன்னும் இது ஆறவில்லை என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் இருவரும் பொகவந்தலாவைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்களில், எங்கள் லயத்துக்கும் அவர்களுடைய லயத்துக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான். பாடசாலையில் நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வருடம் முழுக்க விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பாடவேளைகளில் விளையாட்டுச் சாமான் அலுமாரியைக் கிளறி, ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும் குறைந்த செஸ் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தோம். குறைந்த குதிரைக்கு ஓர் அழிறப்பரையும் சிப்பாய்களுக்கு இரண்டு கூழாங்கற்களையும் வைத்துக்கொண்டோம். பெட்டிக்குள் கிடந்த தாளைப் படித்துத்தான் ஆடக் கற்றோம்.

பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு அவள் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். எனக்குத் தோட்டத்து முன்பள்ளியில் உதவி ஆசிரியை வேலை கிடைத்தது. முன்பள்ளிச் சாவி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து, சின்னக் கதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்து ஆடுவோம். காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவாள். நான்கு ஆட்டம், சில நாள் ஐந்து ஆட்டம். பத்து ஆட்டம் ஆடினால் ஏழில் அவள் ஜெயிப்பாள். அதைப் பற்றி அவள் பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. நான்தான் ஒவ்வொரு தோல்வியையும் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவளுடைய கைப்பேசியின் திரை உடைந்து பாதி இருண்டிருந்தது. அதனால் செஸ் பற்றிய வீடியோக்களை நான்தான் பார்ப்பேன். பார்த்ததில் புதிதாக எது இருந்தாலும் ஒரு கொப்பியில் எழுதவேண்டும். அவள் தன் ஆட்டங்களில் எதையாவது கண்டுபிடித்தால் அவளும் அதில் எழுதுவாள். நீல அட்டை போட்ட எண்பது பக்கக் கொப்பி. முன்பள்ளி அலுமாரியில் களிமண் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கொப்பி என்று முதல் பக்கத்தில் அவள்தான் எழுதியிருந்தாள்.

கறுப்புக் காய்களோடு ஆடும்போது அவளுக்கு ஒரே ஓப்பனிங்தான். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால், அவள் தன் ராணிப் பக்கத்து பிஷப்புக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவாள். அதற்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்று உண்டு. வாயில் நுழையாததால் நாங்கள் அதற்கு 'ஓரடி' என்று பேர் வைத்திருந்தோம். அடக்கமான, உடைக்கக் கஷ்டமான ஆட்டம். முதல் ஐந்து நகர்வுகளை அவள் யோசிக்கவே மாட்டாள். நான் கையை எடுப்பதற்குள் அவள் கை வந்துவிடும். கொழுந்து எடுக்கிற கை. கண் பார்க்கும் முன்னே விரல் போய்விடும்.

ஓர் ஆடி மாதத்து மத்தியானம். மழை பிடித்துக்கொண்டதால் பிள்ளைகளைத் தாய்மார் நேரத்தோடு வந்து கூட்டிப்போய்விட்டார்கள். முன்பள்ளியில் தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். ஓரடிக்கு எதிரான ஒரு பொறி. முதல் நான்கு நகர்வுகள் நாங்கள் எப்போதும் ஆடுகிறவைதான். ஐந்தாவது நகர்வில் வெள்ளை வழக்கமாகத் தன் இரண்டாவது குதிரையை வெளியே எடுக்கும். அதற்குப் பதிலாக ராணியைத் தூக்கி, தன் ராஜாவுக்கு முன்னால் ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். பார்ப்பதற்கு அசட்டு நகர்வு. சொந்த பிஷப்பின் வழியையே மறைத்துக்கொள்வதுபோல இருக்கும். ஆனால் கறுப்பு அதைக் கவனிக்காமல், வழக்கம்போல் ராஜா பக்கத்துக் குதிரையை எடுத்தால் ஆட்டம் முடிந்தது. நடுப்பலகையில் நிற்கும் வெள்ளைக் குதிரை பாய்ந்து செக் கொடுக்கும். கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. சுற்றிலும் அவருடைய ஆட்களே அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் குதிரையை வெட்டக்கூடிய ஒரே சிப்பாயும் அசைய முடியாது. அசைந்தால் வெள்ளை ராணிக்கு ராஜாவைத் திறந்து காட்டியதாகிவிடும். செக்மேட்.

கொப்பியை எடுத்தேன். திகதி போட்டேன். முதல் நான்கு நகர்வுகளை எழுதினேன். பிறகு பேனையை மூடிவிட்டேன்.

அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று பல முறை யோசித்திருக்கிறேன். தீர்மானம் என்று எதுவும் இல்லை. பிறகு எழுதலாம் என்றுதான் நினைத்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து கொப்பியைப் புரட்டினாள். நான்கு நகர்வுகளோடு நின்றுபோயிருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"என்னா புள்ள, இந்த வாரம் புதுசா ஒண்ணும் இல்லியா?"

"மழ பேஞ்சிச்சில்ல. சிக்னல் விட்டு விட்டுப் போச்சு. பாதியில நின்னுருச்சு."

"சரி விடு. வா, ஆடுவோம்."

அன்று மூன்று ஆட்டத்திலும் தோற்றேன். வழக்கமாக இருக்கிற எரிச்சல் அன்று இல்லை. உனக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தோற்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் வெள்ளைக் காய்களோடு ஆடும்போதெல்லாம் ஐந்தாவது நகர்வுக்குக் குதிரையைத்தான் எடுத்தேன். அவளுடைய கை அதற்குப் பழகட்டும் என்று எடுத்தேன். இதை எழுதும்போதுதான் முதல் முறையாக அதை ஒப்புக்கொள்கிறேன்.

கார்த்திகை மாதம் நுவரெலியாவில் பெண்களுக்கான போட்டி. சனியும் ஞாயிறும் ஆறு சுற்றுகள். முதல் நான்கு இடங்களில் வருகிறவர்கள் கண்டியில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் போகலாம். அவளுடைய அண்ணன் அவளை அனுப்ப இலேசில் சம்மதிக்கவில்லை. வீட்டில் அப்பா இல்லை. அண்ணன் சொல்வதுதான் சட்டம்.

"மலைக்குக் கொழுந்தெடுக்கப் போற பொம்பளப்புள்ளைக்கு இது என்னாத்துக்கு?" என்று என் முன்னாலேயே கேட்டார். "இந்த ஒரு தரந்தான். ஏதாச்சும் வாங்கிட்டு வந்தா பாப்போம். இல்லாட்டி இதோட விட்ரணும்."

"சரிண்ணே" என்றாள். படியிறங்கி வரும்போது என் கையைக் கிள்ளி, "நாலுல ஒரு எடம் போதும் புள்ள. மத்தத நான் பேசிக்கிருவேன்" என்றாள்.

நானுஓயாவில் அவளுடைய சித்தி வீட்டில் தங்கிக்கொண்டோம். போட்டி நடந்த மண்டபத்தில் மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு கடிகாரத்தை நாங்கள் தொட்டதே இல்லை. நகரத்துப் பெரிய பாடசாலைகளிலிருந்து வந்த பெண்கள் எல்லாம் கையில் தண்ணீர்ப் போத்தலோடும் மேல்சட்டையில் பாடசாலைச் சின்னத்தோடும் இருந்தார்கள். நாங்கள் இருவரும் அவளுடைய சித்தியின் கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு போயிருந்தோம். நடுவராக இருந்த சிங்களப் பெண்மணி எங்கள் இருவரையும் 'நங்கி', அதாவது தங்கச்சி, என்று அன்பாகக் கூப்பிட்டு, கடிகாரத்தை எப்படி அழுத்துவது என்று காட்டினார். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியை இரண்டு முறை சொன்னார். ஞாயிறு விளையாட்டில் நாங்கள் அதைப் பார்ப்பதில்லை.

எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஆடினோம். ஐந்து சுற்று முடிந்தபோது இருவருக்கும் மூன்றரைப் புள்ளிகள். மூன்று பேர் எங்களுக்கு மேலே இருந்தார்கள். நான்காவது இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி. ஞாயிறு மத்தியானம் சுவரில் கடைசிச் சுற்றுப் பட்டியலை ஒட்டினார்கள். அவளுக்கு எதிரே என் பெயர். எனக்கு வெள்ளை.

மண்டபத்துக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே நின்று சித்தி கட்டிக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டோம். மூடுபனி வந்து, எதிரே நின்ற பஸ்ஸைக்கூடக் காணவில்லை. அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இத நம்ம பள்ளிக்கூடத்துலயே ஆடியிருக்கலாம்."

நான் கையிலிருந்த ரொட்டியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு. எப்பவும் ஆடுறமாரியே ஆடுவோம். யாரு ஜெயிச்சாலும் நம்ம தோட்டத்துலேர்ந்துதான் ஒரு ஆள் போகுது. மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றேன்.

மேசையில் உட்கார்ந்து கை கொடுத்தோம். அவள் கை சில்லென்று இருந்தது. ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன். அவள் ஓரடி எடுத்தாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அவளுடைய ராணிப் பக்கத்துக் குதிரை எப்போதும்போல ராணிக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அங்கே நிறுத்தினேன். எனக்குத் தெரியும், உடனே ராணியை எடுத்தால் அவள் திடுக்கிட்டுப் பார்ப்பாள். அதனால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடங்கள். உண்மையில் எதையும் யோசிக்கவில்லை. கடிகாரத்தில் இலக்கங்கள் குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் பலகையைப் பார்த்தாள், பிறகு பக்கத்து மேசையை, பிறகு கூரையை. அவளுடைய கவனம் நன்றாகச் சிதறிவிட்டது என்று தெரிந்ததும் ராணியை ஒரு கட்டம் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினேன்.

அவள் கை வந்தது. ராஜா பக்கத்துக் குதிரையைப் பிடித்தது. தூக்கவில்லை.

அப்போதுதான் அவள் என் ராணியைப் பார்த்தாள். பார்வை ராணியிலிருந்து அவளுடைய ராஜாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தக் குதிரைக்குப் போக இரண்டே கட்டங்கள்தாம். எதில் வைத்தாலும் செக்மேட். தொட்டதை விட்டுவிட்டு வேறொரு காயை எடுத்தால் தப்பலாம். நடுவர் மண்டபத்தின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் பலகையிலேயே குனிந்திருந்தார்கள். அவள் கையை எடுத்திருந்தால் நான் நடுவரைக் கூப்பிட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என் புள்ளித்தாளில் ஏற்கெனவே எழுதிய நகர்வை மறுபடி அழுத்தி எழுதினேன்.

அவள் கையை எடுக்கவில்லை. குதிரையைத் தூக்கி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். கடிகாரத்தை அழுத்தினாள். நான் ஆறாவது நகர்வை ஆடினேன்.

"நல்ல மூவு" என்று கை கொடுத்தாள்.

நடுவர் வந்து புள்ளித்தாளைப் பார்த்துவிட்டு ஆச்சரியத்தோடு கண்ணை விரித்தார். நாலைந்து பேர் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு பெண் கைப்பேசியில் பலகையைப் படம் எடுத்தாள். என் தோழி மேசையிலிருந்து எழுந்து, கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்பும் பஸ்ஸில் தலவாக்கலை தாண்டும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு அவளே சொன்னாள்:

"பத்து நிமிஷமா யோசிச்சியே, அப்பவே நான் உஷாராகியிருக்கணும். எனக்குத்தான் அவசரப் புத்தி. ஒம் மேல ஒண்ணும் இல்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் படம் எப்படியோ எங்கள் தோட்டத்துப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. செஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் 'ஆறு மூவு' என்று பேசினார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, அவள் வந்து நின்றால் யாராவது ஒருத்தர் ஆறு விரலைக் காட்டுவார். அவளுடைய அண்ணன், "ஆறு தரம் கையத் தூக்கி வைக்கிறதுக்கா நுவரெலியாவுக்குப் போன?" என்று கேட்டதாக அவளுடைய அம்மா என் அம்மாவிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு முன்பள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, "தலவலி" என்று சொல்லி அனுப்பினாள். தைப்பொங்கல் முடிந்த கையோடு கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள்.

கண்டிப் போட்டிக்கு நான் தனியாகப் போனேன். ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் எதிரே இருந்த பெண் ஓரடி ஆடினாள். மறுபடியும் ஐந்தாவது நகர்வுக்கு ராணியை எடுத்தேன். அவள் ஒரு நொடி பார்த்தாள். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அந்தப் பொறி அவளுக்குப் பழைய விஷயம். எனக்கு அதற்குப் பிறகு என்ன ஆடுவது என்றே தெரியவில்லை. நான்கு மாதமாக நான் ஒளித்துவைத்திருந்தது அவ்வளவுதான்.

அவள் வட்டவளையில் கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றபிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டேன். வீடு ரயில் பாதைக்கு மேலே, மேட்டில். வாசலுக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தேங்காய் ரொட்டி சுட்டாள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஒரே பேச்சு. தொழிற்சாலைக் கதை, விடுதிக் கதை. பேச்சுவாக்கில், தன்னை மேற்பார்வையாளர் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள் என்றாள்.

"நீ எழுதினியா?"

"எங்க? நான்தான் ஆறு மூவுல தோத்தவளாச்சே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எதுக்கும் என்னை முன்னால விடாதீங்க, நான் பாக்காம கைய வச்சிருவேன்னு. இவருகூடக் கேலி பண்ணுவாரு. நெசமாவே புள்ள, எதையாச்சும் முடிவு பண்ணணும்னா எனக்கு அந்தக் குதிரதான் ஞாபகம் வருது. பயந்துருவேன்."

என்னால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மழை பெய்த மத்தியானம், வீடியோ, எழுதாமல் விட்டது, பத்து நிமிடம் நடித்தது, எல்லாம். சொன்னால் அவளுடைய பாரம் குறையும் என்று நினைத்தேன். அது அவள் குற்றமில்லை என்று தெரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கொப்பியில எழுதவே இல்லியா?"

"இல்ல."

"எத்தன மாசம் வச்சிருந்த?"

"நாலு."

"அவ்வளவு ஞாயித்துக்கெழமயும் என்கூட உக்காந்து ஆடுன." அவள் குரல் உயரவில்லை. "சிக்னல் இல்லன்னு சொன்னியே."

"ஆமா."

"அன்னக்கி ரொட்டி தின்னுக்கிட்டு, எப்பவும் ஆடுறமாரி ஆடுவோம்னேன். சரின்னியே."

தலையை ஆட்டினேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"என்னோட புத்திதான் கெட்டுப்போச்சுன்னு இருந்துட்டேன். அது பரவால்ல, பழகிப்போச்சு. நீ ஒரு ஆளாச்சும் எனக்கு நேர்மையா இருந்தன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்ல, அத ஏன் இப்ப வந்து எடுத்த?"

"மனசு கேக்கல."

"ஒம் மனசுக்கா?" என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மூணரைக்கு ரயில் இருக்கு. விட்டா அடுத்தது லேட்டாகும்" என்றாள்.

வாசல் படலைவரைகூட அவள் வரவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது. ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த ரயிலில் ஏறி ஹற்றனில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பியிருக்கிறேன். பார்த்ததற்கான அடையாளம் விழும். பதில் வராது. அவள் மேற்பார்வையாளர் பரீட்சையை எழுதினாளா, வேலைக்குத் திரும்பிப் போனாளா, எதுவும் தெரியாது. அவளுடைய அம்மாவிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. அன்று வட்டவளையில் நான் பேசாமல் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் இன்றும் எனக்கு ஒரு தோழி இருந்திருப்பாள். அவளுக்கு அந்தப் பயம் இருந்திருக்கும். சொன்னதால் பயம் போனதா என்பதும் எனக்குத் தெரியாது. எது மேல் என்று இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை.

சென்ற பங்குனியில் ஹற்றன் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். பிள்ளை வளர்ந்து அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பஸ் புறப்பட்டபோது பிள்ளை கை காட்டியது. எல்லோருக்கும் கை காட்டுகிற வயது. நானும் காட்டினேன்.